புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் ஃபேனைப் பாருங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கிவந்து நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. முதல் நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. மறுநாள் மெயில் அடித்துக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று கறுத்து, மதர்போர்டு லோகோ வந்து நின்றது. அன்றைக்கு மட்டும் 6 முறை. 11 நாள் இதோடு மல்லுக்கட்டினேன். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

படி 1: ரீஸ்டார்ட் ஆகும் நொடியைக் கவனியுங்கள்

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது ஃபேன் ஒரு கணம் நின்று மறுபடி சுற்றுகிறதா, நிற்காமலே சுற்றுகிறதா? நின்றால் மின்சாரமே அறுந்திருக்கிறது: எஸ்எம்பிஎஸ், கேபிள், பிளக் பாயின்ட், எங்காவது ஷார்ட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். நிற்காமல் சுற்றினால் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது, யாரோ மதர்போர்டை 'முதலிலிருந்து தொடங்கு' என்று அதட்டியிருக்கிறார்கள். எனக்கு ஃபேன் நிற்கவே இல்லை. அதைப் பார்த்தும் எஸ்எம்பிஎஸ்ஸையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படி 2: விண்டோஸ் என்ன எழுதிவைத்திருக்கிறது?

'திஸ் பிசி'யில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத் திரை வருகிற கேஸாக இருந்தால் இனி அது அப்படியே நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம்.

அப்புறம் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர் 41' இருக்கும். இதைப் பார்த்து 'பவர் என்று போட்டிருக்கிறதே, எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோட்' 0 என்று இருந்தால், என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். பக்கத்திலேயே 'வீயா-லாகர் 18' (ஹார்டுவேர் பிழை என்று விண்டோஸ் எழுதும் பதிவு) இருந்தால் பிராசசர், ராம், அவற்றின் வோல்டேஜ் பக்கம் போங்கள்.

படி 3: பயாஸில் சும்மா விட்டுவையுங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ், டிரைவர், வைரஸ் எல்லாம் நிரபராதிகள். எனக்கு 20 நிமிடத்தில் ஆனது. இதை முதல் நாளே செய்திருந்தால் விண்டோஸைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

படி 4: ராம், சூடு, கேபிள்

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ராம் இரண்டு என்றால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்திருந்தால் ஆஃப் செய்து பாருங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டெஸ்ட் எனக்குப் பிடிக்காது, மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

சூடு பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும். 5600ஜி-க்கு உச்சவரம்பு 95 டிகிரி. சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

24 பின் கேபிளும், பிராசசர் அருகே போகும் 8 பின் கேபிளும் 'க்ளிக்' சத்தம் வரும்வரை இறங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

படி 5: கேபினட்டை விட்டு வெளியே எடுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. படி 4-இல் சொன்ன எல்லாவற்றிலும் என் கம்ப்யூட்டர் பாஸ். கடைசியில் மதர்போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினேன். ஆன் செய்ய பட்டன் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மதர்போர்டின் ஓரத்தில் கேபினட் ஒயர்கள் மாட்டும் பின்கள் இருக்கும். மேனுவலைப் பார்த்து 'பவர் ஸ்விட்ச்' என்ற இரண்டு பின்னை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி முழுக்க ஓடியது. ஒரு ரீஸ்டார்ட் கிடையாது. திரும்பக் கேபினட்டில் பூட்டினேன், அரை மணியில் ஆரம்பித்துவிட்டது.

அப்படியென்றால் குறை கேபினட்டில். மதர்போர்டின் முதுகில் தேவையில்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் (மதர்போர்டைத் தகட்டில் படாமல் தாங்கும் சின்னக் கால்) முட்டுகிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்போதுதான் முழங்கால் தற்செயலாக மேசைக்கு அடியில் இருந்த கேபினட்டில் இடித்தது. ரீஸ்டார்ட். விரலை மடக்கி மேல்தகட்டில் தட்டினேன். ரீஸ்டார்ட்! கம்ப்யூட்டரை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் பட்டனை அழுத்திப் பார்த்தால் பவர் பட்டனுக்கு வருகிற 'டிக்' இதற்கு வரவில்லை. உள்ளே போய்ச் சிக்கி, லேசாக அசைந்தாலே ஒட்டுகிற நிலையில் உட்கார்ந்திருந்தது.

மதர்போர்டிலிருந்து ரீசெட் ஒயரை மட்டும் உருவிவிட்டேன். அவ்வளவுதான். இப்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறேன்: ஃபேன் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகிறதா, பயாஸிலும் ஆகிறதா, உடனே ரீசெட் ஒயரை உருவிப் பாருங்கள். 10 வினாடி வேலை, செலவு இல்லை. அந்த பட்டன் இல்லாமலே காலம் தள்ளலாம்.

பிறகு சேர்த்தது: எழுதிய மறுவாரம் இரண்டு கேள்வி வந்தது. ஒருவருக்கு வேலை செய்யும்போது பிரச்சினையே இல்லை, டீ குடிக்கப் போனால்தான் ரீஸ்டார்ட். ரைசன் போர்டுகள் பலவற்றின் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று ஒன்று உண்டு, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பிராசசர் மின்சாரத்தை எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்பதற்கானது. அதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றச் சொன்னேன், நின்றுவிட்டது.

இன்னொருவருக்குக் கரன்ட் போகும்போது மட்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, லைட் அணைவதுகூடத் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட். எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லிசெகண்ட் அளவுதான், இன்வெர்ட்டர் அதற்குள் மாற வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் நார்மல், யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும்; யுபிஎஸ்ஸில் வைத்தால் வேகமாக மாறும். அவருடையது நார்மலில் இருந்தது.