சேலத்துச் சாலைக்கு முதல் பைக்: பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வண்டி தேர்ந்தெடுக்கும் முறை

சேலத்தில் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை பைக் வேண்டும் என்று கேட்கும்போது, வாயால் சொல்வது கல்லூரி; மனத்தில் இருப்பது ஏற்காடு. கல்லூரிக்கு வாரத்தில் ஐந்தாறு நாள் போக வேண்டும், ஏற்காட்டுக்கு மாதம் ஒரு முறை போனாலே அதிகம். எப்போதோ போகும் மலைப்பாதையை மனத்தில் வைத்து வண்டியை வாங்கிவிட்டு, அன்றாடம் போகும் ஊர்ச் சாலையில் அதோடு மல்லுக்கட்டுவதுதான் நம் ஊரில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. ஆகவே வண்டியை அன்றாடப் பாதைக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பிள்ளை என்றைக்காவது மலையேறுவது உறுதி என்பதால், அதன் பிரேக்கை மட்டும் மலைக்கும் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டப்படி கியர் வைத்த பைக்கை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதிலேயே உரிமம் கிடைக்கும் என்று சிலர் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். நாம் பேசிக்கொண்டிருக்கும் பைக்குகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. எனவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு வண்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பதற்கு முன், பிறந்த தேதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும், அந்த எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். இந்த இடைவெளியில் வீட்டிலோ உறவிலோ இருக்கும் பழைய வண்டியில் பிள்ளை பழகட்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவது வேறு, மாலை ஆறு மணிக்கு ஐந்து ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே காலை ஊன்றி ஊன்றி நகர்வது வேறு.

அடுத்து, பிள்ளை அன்றாடம் போகப்போகும் பாதையை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாபேட்டையிலிருந்து கருப்பூருக்கு, பெரியார் பல்கலைக்கழகத்துக்கோ அரசு பொறியியல் கல்லூரிக்கோ போகும் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பாதி வழி ஊருக்குள், நெரிசலில், முதல் இரண்டு கியரிலேயே கழியும். குரங்குச்சாவடியைத் தாண்டியபின் மீதி வழி லாரிகளும் வெளியூர்ப் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலை. முதல் பாதிக்கு எடை குறைந்த வண்டி வேண்டும். இரண்டாம் பாதிக்கு, மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் திணறாத வண்டி வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரத் தருவது 125 சி.சி. வண்டி என்பது என் முடிவு. ஊருக்குள்ளேயே, செவ்வாய்பேட்டைக்கும் அஸ்தம்பட்டிக்கும் போய்வருவதோடு சரி என்றால் 100 சி.சி. போதும். அதைக் ‘கிழவர் வண்டி’ என்று பிள்ளை முகம் சுளிப்பான். பெட்ரோல் காசு அவன் கையிலிருந்து போகத் தொடங்கியதும் சுளிப்பு தானாக மாறும்.

எடையையும் இருக்கை உயரத்தையும் நான் எஞ்சினுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஏறத்தாழ 112 கிலோ, டி.வி.எஸ். ரைடர் 125 ஏறத்தாழ 123 கிலோ; ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. சிக்னலில் நிற்கும்போதும், சரிவில் நிறுத்தியதைப் பின்னுக்கு இழுக்கும்போதும், வண்டி சாயத் தொடங்கும் அந்த அரை நொடியிலும்தான் தெரியும். புதிதாக ஓட்டுபவர் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நின்ற இடத்தில்.

என் அக்கா மகனுக்கு முதலில் நாங்கள் வாங்கியது பழைய 150 சி.சி. வண்டி, பார்க்கக் கம்பீரமாக இருந்தது, எடையும் அதற்கேற்ப இருந்தது. மூன்றாம் நாள் அஸ்தம்பட்டியில் சாலையோரம் நிறுத்துவதற்காக இடது காலை ஊன்றியிருக்கிறான். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் தரை நான்கு விரல் இறங்கியிருந்தது. கால் எட்டவில்லை. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்ததாம், ஆனால் பிடிக்க முடியவில்லை. கணுக்கால் சுளுக்கு, கிளட்ச் லீவர் முறிவு. “ஓட்டத் தெரியுது மாமா, நிக்கத்தான் தெரியல” என்று அவன் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரண்டே மாதத்தில் அதை நட்டத்துக்கு விற்றுவிட்டு 125க்கு மாறினோம்.

ஆகவே கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்; பிறந்தநாள் பரிசாகத் திடீரென்று வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது சினிமாவுக்கு அழகு, வண்டிக்கு ஆகாது. கல்லூரிக்குப் போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு வரட்டும். வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாகப் பதிய வேண்டும். ஒரு கால் முழுப் பாதமும் பதிய வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்த நிலையில் வண்டியை உட்கார்ந்தபடியே கால்களால் பத்தடி பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். இறங்கி, யாருடைய உதவியும் இல்லாமல் நடு ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். விற்பனையாளர் ‘நான் போட்டுத் தருகிறேன் சார்’ என்று ஓடி வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றில் ஒன்றைச் செய்யத் திணறினாலும் அந்த வண்டி அவனுக்கு உரியதல்ல. ரேஸ் பைக் சாயலில் கைப்பிடி தாழ்ந்து, ஓட்டுபவர் முன்னுக்குக் கவிழ்ந்து உட்காரும் வண்டிகளை நான் முதல் வண்டியாகப் பரிந்துரைப்பதில்லை. நெரிசலில் உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் கடினம்.

இனி பிரேக். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு சி.பி.எஸ். என்னும் இணைப்பு பிரேக்காவது இருக்க வேண்டும். சி.பி.எஸ். உள்ள பைக்கில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். ஏ.பி.எஸ். செய்வது வேறு: எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி, பிடியை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். ‘சிங்கிள் சேனல்’ என்றால் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே என்று பொருள். கையில் இருக்கும் பணத்துக்கு, வண்ணத் திரையும் புளூடூத்தும் உள்ள வண்டியா, நல்ல பிரேக் உள்ள வண்டியா என்று கேள்வி எழுந்தால் தயங்காமல் பிரேக்கை எடுங்கள். குறைந்தது முன்சக்கரத்தில் டிஸ்க் இருக்க வேண்டும். ஒரே மாடல் டிரம், டிஸ்க் என இரு வகையாக விற்கப்படும். ‘டிரம் ஆயிரக்கணக்கில் குறைவு சார்’ என்று கடையில் சொல்வார்கள். குறையும் தொகை எவ்வளவானாலும் அதைச் சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

கூடவே நம் வீடுகளில் பரம்பரையாக வரும் ஓர் அச்சத்தையும் களைய வேண்டும்: முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்பது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்கிறது. ஆகவே வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர் அவசரத்தில் அதையே ஓங்கி மிதிப்பார். சக்கரம் பூட்டிக்கொண்டு வால் விசிறும். திடீரென்று வெடுக்கென இழுக்காமல், படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆளில்லாத மைதானத்தில் முப்பது, நாற்பது முறை செய்ய வையுங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்ப்ளெண்டர் ஏறத்தாழ 8 குதிரைத்திறன், ரைடர் 11, கே.டி.எம். டியூக் 200 ஏறத்தாழ 25. முதல் ஆண்டில் 11க்கு மேல் தேவைப்படும் இடம் எதுவும் சேலத்தில் இல்லை. கியரில்லாத ஸ்கூட்டர் ஊருக்குள் மிக வசதி, மகளுக்கும் மகனுக்கும் பொதுவாகவும் இருக்கும்; ஆனால் மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கும் வழி அதில் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காப்பீட்டில் இரண்டு செய்திகளை நம்மவர் கவனிப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சி.சி. அளவுப்படி மாறும், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 75 முதல் 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714 ரூபாய், 150ஐத் தாண்டி 350 வரை 1,366. புதிய வண்டிக்கு இதை 5 ஆண்டுக்கு ஒரே தவணையாகக் கட்ட வேண்டியிருப்பதால், 155 சி.சி. வண்டியின் ஆன்ரோடு விலை ஏன் எகிறுகிறது என்பது இங்கே விளங்கும். இரண்டாவது, இதைவிட முக்கியமானது: கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சம், வண்டியின் உரிமையாளர் உரிமத்தோடு ஓட்டும்போது அவருக்கு மட்டுமே. அப்பா பெயரில் வண்டியைப் பதிந்து மகன் ஓட்டினால், மகனுக்கு அது பொருந்தாது. பிள்ளைக்கு உரிமம் வந்தபின் அவர் பெயரிலேயே பதிவது நல்லது. முடியாதென்றால் ஓட்டுபவருக்குத் தனியே விபத்துக் காப்பீடு எடுங்கள்.

பழைய வண்டி வாங்குவது முதல் வண்டிக்கு நல்ல யோசனையே, எப்படியும் ஒரு முறை கீழே போடத்தான் போகிறான். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள். முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள்; நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்று நின்றால் கோன் செட்டை, அதாவது கைப்பிடித் தண்டின் பேரிங்கை, மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டான டயர் கெட்டிப்பட்டிருக்கும், மழையில் பிடிக்காது. ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிடுங்கள், தவணை பாக்கிக்கான ஹெச்.பி. பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் அபராத பாக்கியைத் தேடுங்கள். படிவம் 29, 30இல் கையெழுத்தானபின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹெல்மெட்டுக்கு வண்டி விலையிலிருந்தே தொகையை ஒதுக்குங்கள். ஐ.எஸ். 4151 எண்ணோடு கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரை, முழு முகத்தையும் மூடும் வடிவம். பட்டையை மாட்டியபின் பின்புறத்தைப் பிடித்து முன்னால் உருட்டிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது. பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் தேவை என்பதால் இரண்டு வாங்குங்கள். புது வண்டியோடு வரும் சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றினால்தான் ‘லுக்’ வரும் என்று பிள்ளை சொல்வான். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த மலை. உரிமம் வந்து மூன்று மாதமாவது ஊருக்குள் ஓட்டியபின், முதல் முறை நீங்களோ அனுபவமுள்ள உறவினரோ தனி வண்டியில் உடன் போங்கள். மழையிலோ விடுமுறைக் கூட்டத்திலோ வேண்டாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில்; நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் சற்று மந்தமாகும். கியரைக் குறைத்து ஏறினால் போதும், அதற்காகப் பெரிய வண்டி தேவையில்லை. வளைவில் குரங்குகளுக்குத் தீனி போட நிற்கும் கார்கள்தான் திடீரென்று எதிர்ப்படும். ஏறுகிறவர்களுக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்.

இறங்கும்போதுதான் நாம் வாங்கிய பிரேக்குக்குச் சோதனை. எந்தக் கியரில் ஏறினானோ அதே கியரில் இறங்கட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டோ எஞ்சினை அணைத்தோ இறங்கவே கூடாது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி வந்தால் அது சூடேறிப் பிடியிழக்கும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின் டிரம்முக்கு அருகே, தொடாமல், உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அடுப்பருகே கை வைத்தாற்போல் அனல் அடித்தால் பிள்ளை இன்னும் பிரேக்கால்தான் இறங்குகிறான். அப்படியானால் ஒரு டீ குடித்து, அது ஆறும் வரை காத்திருந்து, இரண்டு மூன்று வளைவுகள் வரை மட்டும் திரும்ப ஏறி, கியரில் இறங்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.