சிறுதொழில் இணையதளம் கூகுள் தேடலில் கிடைக்க: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கடையின் பெயரை அப்படியே தட்டச்சு செய்தால் இணையதளம் கூகுளில் வருகிறது, விற்கும் பொருளின் பெயரைச் சொல்லித் தேடினால் வருவதில்லை என்பதே சிறுதொழில் செய்வோர் பலரின் குறை. பெயரை அறிந்தவர் எப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். உங்களைப் பற்றி ஒன்றும் அறியாமல், பொருளை மட்டும் தேடி வருபவருக்குக் கிடைப்பதற்காகத்தான் இணையதளமே தேவைப்படுகிறது. அதற்கான வேலையில் பெரும்பகுதியைக் கணினி நிபுணரின் துணையின்றி நீங்களே செய்துகொள்ள முடியும்.

விளக்கத்துக்கு வசதியாக, காங்கேயத்தில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் படிகள் இவையே.

படி 1: கூகுள் உங்கள் தளத்தைப் பார்த்திருக்கிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் சைட் (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் இணையதள முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். கூகுளின் பட்டியலில் உள்ள உங்கள் பக்கங்கள் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால், வேறு எந்த முயற்சிக்கும் முன் அதற்கான காரணத்தைக் கண்டறிய வேண்டும். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் உருவான தளமாக இருந்தால் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ரீடிங் பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்னும் பொருள்பட அமைந்த கட்டத்தில் குறியிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தளத்தை உருவாக்கும்போது வடிவமைப்பாளர் அந்தக் குறியை இட்டு, வேலை முடிந்த பின் எடுக்க மறந்துவிடுவது வழக்கமாக நேரும் ஒன்று.

அடுத்து, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். தளம் உங்களுடையதுதான் என்பதை உறுதிப்படுத்த, டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் (DNS) அமைப்பில் ஒரு குறிப்பைச் சேர்க்கும்படி அது கேட்கும். இந்தப் பதிவையும் டொமைனையும் வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் செய்துவிடாமல், கட்டாயம் உங்கள் மின்னஞ்சலிலேயே செய்யுங்கள். அவர் நாளை தொழிலை மாற்றிக்கொண்டாலும் உங்கள் கடையின் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். பதிவு முடிந்ததும் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பின் முகவரியை அங்கே கொடுங்கள். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் சைட்மேப் தானாகவே உருவாகிவிடுகிறது.

படி 2: உங்கள் தமிழ் உண்மையில் எழுத்தாக இருக்கிறதா?

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் இது. அச்சகத்தில் வடிவமைத்த விலைப்பட்டியலைப் படமாக்கி அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். பார்ப்பவர் அதைப் படித்துவிடுவார். ஆனால் பக்கம் எதைப் பற்றியது என்று தீர்மானிக்கத் தேடுபொறி முதன்மையாக நம்புவது எழுத்தாக உள்ள உரையைத்தான். இன்னொரு வகைத் தளங்களில் உரை இருக்கும், ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத்தான் பதிவாகியிருக்கும்.

சோதிப்பது எளிது. பக்கத்தில் உள்ள ஒரு வரியைத் தெரிவு செய்து, நகலெடுத்து, கூகுள் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் அது யூனிகோடு உரை, அதாவது எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையில் உள்ள உரை; கவலை இல்லை. ஆங்கில எழுத்துகளாக மாறினால் எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தெரிவு செய்யவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் படம். அதில் உள்ளதை மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பான வேலைதான் என்றாலும், இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குச் செல்வதில் பயனில்லை.

படி 3: வாங்குபவர் எந்தச் சொல்லால் தேடுகிறார்?

இந்த விளக்கத்தில் உங்கள் நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இதுவே. நாம் பொருளுக்கு வைக்கும் பெயரும் வாங்குபவர் தேடும் பெயரும் பல நேரங்களில் வேறாக இருக்கும். தளத்தின் முகப்பில் ‘பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் அடையாளம்’ என்று எழுதியிருப்போம்; அந்தச் சொற்களை இட்டு எண்ணெய் தேடுபவர் யாரும் இல்லை. ‘மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர் விலை’ என்றுதான் தேடுவார்கள்.

இந்தச் சொற்களைச் சேர்க்க முதல் இடம் உங்கள் தொலைபேசியே. வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளைப் பின்னோக்கிப் படித்து, வாடிக்கையாளர் எழுதியபடியே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். செக்கு எண்ணெய் பொரிக்கும்போது நுரைக்குமா, அடியில் மண்டி படிவது ஏன், நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறீர்களா, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், வெளியூருக்கு அனுப்புவீர்களா என்பன போன்ற கேள்விகள் கிடைக்கும். அதன் பின் கூகுளில் பொருளின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கி, அது தானாக முன்வைக்கும் தொடர்களையும், முடிவுப் பக்கத்தில் காட்டும் தொடர்புடைய தேடல்களையும் நோட்டில் சேருங்கள். தமிழிலும், ஆங்கிலத்திலும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் தேடுகிறார்கள் என்பதால், இந்த மூன்று வகையிலும் பார்ப்பது அவசியம்.

சேர்த்த சொற்களை, தேடுபவரின் நோக்கத்தை வைத்துப் பிரியுங்கள். விலை கேட்பவர் வாங்க வந்திருக்கிறார், அவருக்குப் பொருளின் பக்கம் வேண்டும். நுரை ஏன் வருகிறது என்று கேட்பவர் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார், அவருக்கு ஒரு கட்டுரை வேண்டும். ‘அருகில் உள்ள மரச்செக்கு’ என்று தேடுபவர் நேரில் வரப்போகிறார், அவருக்குக் கூகுள் மேப்ஸில் உங்கள் கடை தெரிய வேண்டும். ‘எண்ணெய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பெரிய நிறுவனங்களுடன் போட்டியிடுவதைவிட, ஊரும் அளவும் வகையும் சேர்ந்த நீண்ட தொடர்களைக் குறிவைப்பதே சிறு தொழிலுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

படி 4: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்

மூன்று எண்ணெய்களையும் ஒரே பக்கத்தில் அடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் அமையுங்கள். தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரியும் தலைப்பு பல தளங்களில் ‘முகப்பு’ என்று மட்டுமே இருக்கிறது. அதை ‘மரச்செக்கு கடலை எண்ணெய், 1 மற்றும் 5 லிட்டர், காங்கேயம்’ என்று மாற்றினால், தேடுபவருக்கும் தேடுபொறிக்கும் ஒரே பார்வையில் செய்தி போய்ச் சேரும். தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விவரிப்பு தரவரிசையை உயர்த்தாது, எனினும் அதைப் படித்துத்தான் மக்கள் சொடுக்குகிறார்கள் என்பதால் கவனமாக எழுதுங்கள். மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியில் சொற்களைக் கொட்ட வேண்டியதில்லை; வலைத் தேடலின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

பக்கத்தின் உள்ளே, நோட்டில் குறித்த கேள்விகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து பதில் எழுதுங்கள். கடலையை எங்கே கொள்முதல் செய்கிறீர்கள், எத்தனை நாள் வெயிலில் காய வைக்கிறீர்கள், செக்கு எந்த மரத்தால் ஆனது, ஆட்டிய எண்ணெயை எப்படித் தெளிய வைக்கிறீர்கள் என்பவை வேறு எவரும் எழுத முடியாத செய்திகள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். ‘மரச்செக்கு எண்ணெய்’ என்ற தொடரை வரிக்கு வரி திணித்தால் படிப்பவர் வெறுத்து வெளியேறுவார், கூகுளும் அதை ஏமாற்று வழியாகவே கருதுகிறது. படங்களுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் மாற்று உரை (alt text) கொடுங்கள்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கூகுளுக்கு அதில் தடை இல்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரியும். முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதியை வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளில் வெட்டிவிடுவதால், சுமார் 22 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடம் கிடைக்காது. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகளாகவே கணக்கில் வரும். ஆகவே உரையைத் தமிழிலும் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்துகளிலும் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 5: கூகுள் மேப்ஸில் கடை

மேப்ஸில் கடையைக் காட்ட உதவும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்னும் சேவையும் இலவசமே. கடைப் பலகையில் உள்ள பெயரை மட்டும் கொடுங்கள். பெயருடன் ‘காங்கேயத்தின் சிறந்த செக்கு எண்ணெய்’ என்று சேர்ப்பது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். தொழில் வகை, திறக்கும் நேரம், கடையின் உண்மையான புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். தேடலுக்கான பொருத்தம், தேடுபவர் இருக்கும் தொலைவு, கடை எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருக்கிறது என்பது ஆகிய மூன்றையும் கொண்டே இங்கு வரிசை அமைவதாகக் கூகுள் கூறுகிறது. தொலைவை உங்களால் மாற்ற முடியாது என்பதால் மற்ற இரண்டிலும் உழைக்க வேண்டும். வாங்கியவர்களிடம் மதிப்புரை எழுதும்படி கேட்கலாம். அதற்காகப் பணமோ தள்ளுபடியோ தரக்கூடாது. குறை கூறுபவருக்கும் பணிவாகப் பதில் எழுதுங்கள், ஏனெனில் அதை அடுத்து வரும் நூறு பேர் படிப்பார்கள்.

படி 6: கைபேசியில் விரைவாகத் திறக்கட்டும்

கூகுள் இப்போது தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் கருவியில் முகவரியைக் கொடுத்தால், பக்கத்தின் முதன்மைப் பகுதி தோன்ற எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும், 2.5 விநாடிக்குள் இருப்பது நல்லது. தாமதத்துக்குப் பெரும்பாலும் கைபேசியில் எடுத்துச் சுருக்காமல் ஏற்றிய படங்களே காரணம். அவற்றை வெப்பி (WebP) என்னும் படக்கோப்பு வடிவத்துக்கு மாற்றி, அளவைக் குறைத்து ஏற்றுங்கள்.

படி 7: இணைப்புகள்

உங்கள் எண்ணெயைச் சமையலில் பயன்படுத்தும் உணவகம், உங்களுக்குக் கடலை தரும் உழவர் குழு, ஊரின் வணிகர் சங்கம் ஆகியோரின் தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பெறுங்கள். ஆயிரம் இணைப்புகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகவோ, முதல் இடத்தை உறுதியாகப் பெற்றுத் தருவதாகவோ கூறுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முதல் இடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. போலி இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் கூகுள் தன் தரவரிசை முறையில் 2012-இல் கொண்டுவந்த பெங்குவின் என்னும் மாற்றத்துக்குப் பின் இடமிழந்தன.

படி 8: அளந்து பார்த்துத் திருத்துதல்

மாற்றங்களின் பலன் சில நாட்களிலும் தெரியலாம், பல மாதங்களும் ஆகலாம். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்தால், எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை முறை சொடுக்கினர், சராசரியாக எத்தனையாவது இடம் என்பவை 16 மாதங்கள் வரை கிடைக்கும். முன்னணி இடத்தில் பலமுறை தெரிந்தும் சொடுக்குகள் குறைவாக உள்ள பக்கத்துக்குத் தலைப்பையும் விவரிப்பையும் மாற்றுங்கள். எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையில் நிற்கும் பக்கங்களில், அந்தச் சொல்லைத் தேடுபவர் கேட்கும் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று படித்து, விடுபட்டதைச் சேருங்கள். நீங்கள் எதிர்பாராத சொல் ஒன்று பட்டியலில் மீண்டும் மீண்டும் தென்பட்டால், அதற்கென ஒரு பக்கம் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பதினாறு மாதத் தரவு இருப்பதால், சென்ற ஆண்டுத் தீபாவளிக்கு முன் பலகார எண்ணெய்க்கான தேடல் எந்த வாரத்தில் ஏறத் தொடங்கியது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தீபாவளிக்கான பக்கத்தை வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக ஒன்றைத் தொடங்காமல், அதே முகவரியில் விலையையும் தேதியையும் மட்டும் புதுப்பியுங்கள்.