ஆக்ஸ் டெஸ்ட் பாஸ் ஆச்சு, ஆனா ஸ்க்ரீன் ரீடர் தமிழ முழுங்கிடுச்சு

மேற்கு மாம்பலத்துல ஒரு மெஸ்ஸுக்கு ஆர்டர் எடுக்கற சைட் பண்ணிக் குடுத்தேன், கண் தெரியாதவங்களும் ஆர்டர் போடணும்னு ஆக்ஸ் (பக்கத்துல அவங்களுக்குத் தடையா இருக்கற தப்ப தானா தேடற டூல்) வெச்சு டெஸ்ட் எல்லாம் எழுதி ஒரு எரர் கூட இல்லாமதான் லைவ் விட்டேன். பூந்தமல்லில இருக்கற என் ஃப்ரெண்டு, பார்வை இல்லாதவன், லேப்டாப்ல என்விடிஏ (திரையில இருக்கறத குரல்ல படிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர்) வெச்சு திறந்து பாத்துட்டு போன் பண்ணான். "மச்சி, சாப்பாட்டு பேரே வரலடா, ஃபார்ட்டி, சிக்ஸ்டி, தர்ட்டி ஃபைவ்னு விலைய மட்டும் படிக்குது, எது பொங்கல் எது வடைன்னு எனக்கு எப்டி தெரியும்?"

ரெண்டு நாள் உக்காந்து சரி பண்ணேன். அத அப்டியே எழுதறேன்.

படி 1: க்ரோம்ல எஃப்12 அழுத்தி லைட்ஹவுஸ்ல (பக்கத்த சோதிச்சு மார்க் போடற க்ரோம் டூல்) அக்ஸஸிபிலிட்டி மட்டும் டிக் பண்ணி ஓட்டுங்க. உள்ள ஓடறது ஆக்ஸ்தான். 100 வந்துச்சுன்னு நிறுத்திடாதீங்க.

படி 2: ப்ரௌசர தானா ஓட்டி டெஸ்ட் பண்ற ப்ளேரைட்டுக்கு இருக்கற ஆக்ஸ் பேக்கேஜ சேத்துக்கோங்க. பக்கத்த திறக்கணும், ஆக்ஸ ஓட்டற அனலைஸ் ஃபங்ஷன கூப்பிடணும், வயலேஷன்ஸ், அதாவது விதிமீறல் லிஸ்ட் காலியா இருக்கணும்னு எதிர்பாக்கணும், அவ்ளோதான் டெஸ்ட். எந்த விதியெல்லாம் ஓடணும்னு டேக் குடுக்கறப்ப டபிள்யூசிஏஜி (வெப்சைட் எல்லாருக்கும் பயன்படணும்னு இருக்கற விதித் தொகுப்பு) 2.0 மட்டும் போட்டா 2.1ல வந்த விதி எதுவும் ஓடாது, தனியா சேக்கணும்.

படி 3, நான் மாட்டுன இடம். என் டெம்ப்ளேட்ல ஹெச்டிஎம்எல் டேக்கோட லாங் (lang, பக்கம் எந்த மொழின்னு சொல்ற குறிப்பு) இங்கிலீஷ்னே இருந்துச்சு. லாங் இருக்கா, அது சரியான மொழிக் குறியீடான்னு மட்டும்தான் ஆக்ஸ் பாக்கும், உள்ள இருக்கற எழுத்து தமிழா இங்கிலீஷான்னு பாக்காது. அதனால டெஸ்ட் பாஸ். ஆனா என்விடிஏ அத நம்பி இங்கிலீஷ் குரலையே வெச்சுக்கிச்சு, அந்தக் குரலுக்கு தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, அதான் நம்பர் மட்டும் வந்திருக்கு. லாங்க தமிழ்னு மாத்துனதும் அவன் விண்டோஸ்ல போட்டு வெச்சிருந்த வள்ளுவர்ங்கற தமிழ் குரல தானா எடுத்துக்கிச்சு. நடுவுல இங்கிலீஷ் வரி இருந்தா அந்த துண்டுக்கு மட்டும் இங்கிலீஷ் லாங் குடுங்க. இப்ப என்னோட எல்லா டெஸ்ட்லயும் ஆக்ஸுக்கு முன்னாடி, லாங் தமிழா இருக்கணும்னு தனியா ஒரு வரி இருக்கு. தமிழ் சைட் பண்றவங்க தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க.

படி 4: வயலேஷன்ஸோட சேத்து, ஆக்ஸால முடிவு சொல்ல முடியாதது வர்ற இன்கம்ப்ளீட் லிஸ்டையும் ப்ரின்ட் பண்ணுங்க. வாழை இலை ஃபோட்டோ மேல வெள்ளை எழுத்துல மெனு போட்டிருந்தேன், சாதாரண சைஸ் எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பின்னாடி படம் இருந்தா ஆக்ஸால கணக்கு போட முடியாது, அது எரரா வராம இந்த லிஸ்ட்லதான் போய் உக்காரும். அத நீங்கதான் கண்ணால பாத்து முடிவு பண்ணணும்.

படி 5: மூடியிருக்கற பாப்அப்ப ஆக்ஸ் பாக்காது. க்ளிக் பண்ணி, அது தெரியற வரைக்கும் காத்திருந்து, மறுபடி அனலைஸ் கூப்பிடுங்க.

அப்டேட்: படி 5ல கான்ட்ராஸ்ட் எரர் ஒரு தடவ வருது ஒரு தடவ வரலன்னு கேட்டிருந்தீங்க. பாப்அப் மெதுவா தெளிஞ்சு வர்ற மாதிரி அனிமேஷன் இருந்தா பாதி வெளுத்த நிறத்த ஆக்ஸ் அளந்துடும், அனிமேஷன் முடிஞ்சப்புறம் ஓட்டுங்க.

டூல்ல என் ஓட்டு ஆக்ஸுக்குத்தான். ஆனா வெளியிடறதுக்கு முன்னாடி என்விடிஏ இறக்கி, அது இலவசம்தான், மானிட்டர அணைச்சுட்டு கீபோர்ட்லயே ரெண்டு பொங்கல் ஆர்டர் போட்டுப் பாருங்க.