டைம் ஸ்டடியில் ரேட்டிங் போடுவது எப்படி? வாட்ச்சைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள்

பனியன் கம்பெனியில் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைம் ஸ்டடியில், அதாவது ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை அளந்து டார்கெட் போடுவதில், ஸ்டாப்வாட்ச் பிடிக்க அரை நாளில் பழகிவிடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து தைக்கிறவர் எந்த வேகத்தில் தைக்கிறார் என்று மதிப்பிட்டு ரேட்டிங் போடுவதற்கு மாதக்கணக்கில் கண் பழக வேண்டும். அதில் நாம் தப்புப் பண்ணினால், டார்கெட்டைத் தொட முடியாமல் திட்டு வாங்குவது டைலர்கள்தான்.

நான் சேர்ந்த புதிதில் டி-ஷர்ட்டின் கை (ஸ்லீவ்) ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலைக்கு நேரம் எடுத்தேன். ஃபிளாட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா லைனிலேயே வேகமானவர், ஒரு பீஸுக்குச் சராசரியாக 12 நொடிதான் ஆனது. நன்றாகத்தானே போகிறது என்று 100 ரேட்டிங் போட்டு, களைப்பு, சொந்தத் தேவை போன்றவற்றுக்கான கூடுதல் நேரமாக 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்தேன். 13.8 நொடி வந்தது, அதாவது மணிக்கு 260 பீஸ். அந்த அக்காவைத் தவிர யாராலும் அதைத் தொட முடியவில்லை. உண்மையில் அவர் தைத்தது 120 வேகம். அப்படிப் போட்டிருந்தால் 12-ஐ 1.2-ஆல் பெருக்கி அடிப்படை நேரம் 14.4 நொடி, அலவன்ஸோடு 16.56, மணிக்கு 217 பீஸ் என்று வந்திருக்கும். மணிக்கு 43 பீஸ், என் கணக்குப் பிழையால் மற்றவர்கள் தலையில் ஏறியது.

கணக்கு இவ்வளவுதான்: பார்த்த நேரத்தை ரேட்டிங்கால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் அடிப்படை நேரம். அந்த 100 என்றால் என்ன என்பதுதான் கேள்வியே. பிரிட்டிஷ் அளவுகோலில், சுமை எதுவும் இல்லாமல் சமதரையில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது 100, 4.8 கிலோமீட்டர் என்றால் 75. ஆனால் பழைய அமெரிக்க முறையில் அந்த 4.8 நடையையே 100 என்று வைப்பார்கள், அதனால் உங்கள் கம்பெனியில் எது நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆள் ஒரு ஷீட்டில் 75-ஆகவும் இன்னொன்றில் 100-ஆகவும் இருப்பார்.

கண்ணைப் பழக்க 100 மீட்டர் அளந்து 56 நொடியில் நடந்து பாருங்கள், அதுதான் 100. அதே தூரத்தை 75 நொடியில் நடந்தால் 75. 52 சீட்டை நான்கு பேருக்குப் போடுவதும் நல்ல பயிற்சி, 22.5 நொடியில் முடித்தால் 100. ஒருவர் போட, மற்றவர்கள் பார்த்து ரேட்டிங்கை எழுதி, அப்புறம் நேரத்தைச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை செய்தாலே வித்தியாசம் தெரியும்.

லைனுக்குப் போனதும் முதலில் டைலரிடம் சொல்லிவிடுங்கள்: "அக்கா, கொஞ்ச நேரம் இங்கே நிற்பேன், நீங்க எப்பவும் போலத் தையுங்க." முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எடுக்காதீர்கள், அது மரியாதையும் இல்லை, அங்கிருந்து கையும் தெரியாது. பக்கவாட்டில் நில்லுங்கள். முதல் சில பீஸ்களை விட்டுவிடுங்கள், ஆள் நிற்கிற பதற்றத்தில் வேகம் கூடும் அல்லது குறையும்.

இனி வாட்ச்சைப் பார்க்காதீர்கள். பீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேட்டிங்கை எழுதிவிட்டு, அப்புறம்தான் நேரத்தைப் பார்க்க வேண்டும். நேரத்தை முதலில் பார்த்தால் மனசு அதற்குத் தகுந்த மாதிரி ஒரு ரேட்டிங்கைச் செய்துவிடும், இதில் அனுபவசாலிகளும் மாட்டுவார்கள். நான் பார்ப்பது மூன்று இடம். ஒன்று, தையல் முடிவதற்குள் இடது கை அடுத்த பீஸுக்குப் போய்விடுகிறதா. இரண்டு, ஒரு மடிப்பைத் தைத்து முடிப்பதற்குள் எத்தனை தடவை பெடலை விட்டு மறுபடி மிதிக்கிறார். மூன்று, துணியை ஒரே பிடியில் சரிசெய்கிறாரா, அல்லது இரண்டு மூன்று தடவை தட்டித் தடவிப் பார்க்கிறாரா. ஐந்து ஐந்தாகவே எழுதுங்கள், 80, 85, 90 என்று. 87, 88 என்று கண்ணால் பிரிக்க முடியாது.

வேலை கஷ்டமாக இருப்பதையும் ஆள் மெதுவாக இருப்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணியின் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், டைலர் அதை விரலால் பிரித்துவிட்டுத்தான் மடிக்க முடியும். அதற்காக ரேட்டிங்கைக் குறைத்தால் அவர் உழைப்பை நாமே திருடுகிறோம். அது அந்த வேலைக்கு உரிய நேரம், முழுசாகக் கணக்கில் வர வேண்டும். லேபிள் ஒட்டும் ஹீட் பிரஸ்ஸில் டைமர் ஓடும் நேரத்துக்கு ரேட்டிங்கே கிடையாது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்ட ரேட்டிங் சரியா என்று பார்க்க, அதே வேலையை அதே முறையில் செய்யும் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் எடுங்கள். நான் அந்தக் கை மடிப்பு வேலைக்கு மறுபடி போனபோது இன்னொரு அக்கா 18 நொடியில் தைத்தார், ரேட்டிங் 80 போட்டிருந்தேன். 18-ஐ 0.8-ஆல் பெருக்கினால் அதே 14.4. இப்படி ஆளுக்கு ஆள் நேரம் மாறினாலும் அடிப்படை நேரம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஷீட்டில் எண்ணை மாற்றி ஒப்பேற்றாமல் மறுபடி லைனுக்குப் போய் நில்லுங்கள். அன்றைக்கு சூப்பர்வைசரிடம் என் தப்பைச் சொல்லி, போர்டில் 260-ஐ அழித்து 217 என்று எழுதினோம்.