பின் எண்ணுக்கு முந்தைய திரை: வங்கி ஆப்பில் பணம் அனுப்பும் வசதியை வடிவமைக்க

வங்கி ஆப் ஒன்றில் பணம் அனுப்பும் பகுதியை வடிவமைப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாகச் சேருபவர்கள் என்கிரிப்ஷன் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) பற்றியும் பின் (PIN) எனும் ரகசிய எண் பற்றியும்தான் முதலில் கேட்பார்கள். யூபிஐயில் அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே கட்டித் தரப்பட்டிருக்கிறது. பதிவு செய்யும்போது போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போய், சிம்மையும் போனையும் கணக்கோடு பிணைத்துவிடும். பின் போடும் திரை, யூபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ தருவது. அதில் தட்டும் எண்ணை நம் ஆப்பால் பார்க்கவே முடியாது. ஆனால் ஏமாற்றப்படுகிறவர் தன் போனில், தன் பின்னைத் தானே போட்டுத்தானே அனுப்புகிறார்? அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முன்னால் வரும் உறுதிப்படுத்தும் திரைக்குப் போகட்டும்.

அங்கே முதலில் கண்ணில் படவேண்டியது பெறுபவரின் பெயர், அதுவும் வங்கிக் கணக்கில் உள்ளபடி. அனுப்புபவர் போனில் சேமித்த பெயரோ, பெறுபவர் தானே வைத்துக்கொண்ட பெயரோ உதவாது. 2025 ஜூன் இறுதிக்குள் எல்லா யூபிஐ ஆப்களும் இப்படிக் காட்டவேண்டும் என்று என்பிசிஐ கேட்டிருந்தது.

நம் பெயர்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். போனில் 'செல்வம் பெயின்டர்' என்று இருக்கும், கணக்கில் 'எஸ் தமிழ்ச்செல்வன்' என்று இருக்கும். இருவரும் ஒரே ஆள். இனிஷியல் சிலருக்கு முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சில ஆவணங்களில் அப்பா பெயராகவே விரியும். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு இனிஷியலே மாறுகிறது. லட்சுமியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்து ஒப்பிடும் மென்பொருள் இவர்களையெல்லாம் 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் காட்டும். பத்துத் தடவை வீணாகச் சிவப்பைப் பார்த்தவர் பதினோராம் தடவை நிஜமான ஆபத்திலும் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். கணக்குப் பெயரைப் பெரிதாகவும் போனில் உள்ள பெயரை அதன் அடியில் சிறிதாகவும் போடுங்கள். முடிவு அனுப்புபவருடையது.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆப் குறுக்கே நிற்கலாம்: முன்பு பணம் அனுப்பிய அதே எண்ணுக்கு இப்போது வேறு பெயர் வரும்போது. கைவிடப்பட்ட மொபைல் எண் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அதனால் பழைய பெயரைச் சேமித்து வைத்துக் காட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

தொகையை எழுத்திலும் போடுங்கள். 5000-க்கும் 50000-க்கும் உள்ள ஒரு பூஜ்யம் அவசரத்தில் தெரியாது, 'ஐம்பதாயிரம்' என்று எழுதியிருந்தால் தெரியும்.

அடுத்தது எச்சரிக்கை. 'மோசடியில் சிக்காதீர்கள், கவனம்' என்ற வாசகத்தை யாரும் படிப்பதில்லை. புது ஆள், பெரிய தொகை, அனுப்புபவர் அந்த நேரத்தில் போன் அழைப்பில் இருக்கிறார்: இவை சேர்ந்து வரும்போது மட்டும் ஒரு நேரடிக் கேள்வி கேளுங்கள். 'போலீஸ், கஸ்டம்ஸ், வங்கி அதிகாரி என்று சொல்லி யாராவது இந்தப் பணத்தை அனுப்பச் சொன்னார்களா?' மறுமுனையில் இருப்பவன் "இல்லைன்னு அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுப்பான். அதையும் எதிர்பார்த்து, கேள்விக்குக் கீழேயே எழுதுங்கள்: 'இல்லை என்று அழுத்தச் சொல்லி ஒருவர் இப்போது போனில் சொன்னால், அவர் உங்களை ஏமாற்றுகிறார். அழைப்பைத் துண்டியுங்கள்.' பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, யாரோ தன் பக்கம் நிற்கிறார்கள் என்று அந்த வரி சொல்லும். ஆமாம் என்றால் பரிமாற்றம் அங்கேயே நிற்கட்டும். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளை 2025 அக்டோபர் தொடக்கத்திலிருந்து என்பிசிஐ நிறுத்திவிட்டது. அந்த வசதியை வேறு பெயரில் மறுபடி கொண்டுவரச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அப்புறம் நெட்வொர்க். பின் போட்டாயிற்று, மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போனதா இல்லையா? தெரியாத நிலையில் 'தோல்வி' என்று காட்டுவது பெரிய தவறு, அவர் மறுபடி அனுப்பிவிடுவார். உறுதிப்படுத்தும் திரை திறக்கும்போதே சர்வர் ஓர் அடையாள எண் கொடுக்கட்டும். அதே எண்ணோடு கோரிக்கை மறுபடி வந்தால், புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் முறை என்ன ஆயிற்று என்பதையே பதிலாகத் தரவேண்டும். அந்த எண் இரண்டு முறை பதிவாகாதபடி டேட்டாபேஸிலேயே தடை போடுங்கள், பட்டனைச் செயலிழக்கச் செய்வது மட்டும் போதாது. அவர் வெளியே போய்ப் புதிதாகத் தொடங்கினால்? அதே ஆளுக்கு அதே தொகை இன்னும் நிலுவையில் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நிலுவையில் இருக்கும்போது சும்மா 'காத்திருக்கவும்' என்று விடாதீர்கள். கணக்கில் பணம் கழிந்து எதிராளிக்குச் சேராவிட்டால் மறு நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு ₹100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. எந்தத் தேதிக்குள் திரும்பும் என்று திரையிலேயே போடுங்கள்.

கடைசியாக ரசீது. 12 இலக்கக் குறிப்பு எண்ணை ஒரே தட்டலில் நகலெடுக்க முடியவேண்டும். பக்கத்திலேயே 'நான் ஏமாற்றப்பட்டேன்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் வங்கிக்குப் புகார் உடனே பதிவாகி, சைபர் குற்ற உதவி எண் 1930 டயல் ஆகத் தயாராக நிற்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும் முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. உதவிப் பக்கத்தில் நாலு மெனுவுக்குள் இதை ஒளித்து வைக்காதீர்கள்.