முதல் மழையை நம்பி விதைக்கலாமா?

புரட்டாசியில் ஒரு மழை கொட்டினால் போதும், எங்கள் உப்பூர்ப் பக்கம் ‘இந்த வருசம் கண்மாய் நிறையும்’ என்று பேச்சு கிளம்பிவிடும். நம்பாதீர்கள். அது வெயில் சூட்டில் எழும் இடிமழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில்தான் தொடங்கும்.

மழை விட்ட மறுநாள் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நின்றால்தான் ஈரம் இறங்கியிருக்கிறது. மேல்மண் மட்டும் நனைந்திருந்தால் முளைத்த நெல் கருகிவிடும். எனக்கு ஒரு வருசம் இரண்டு ஏக்கர் அப்படிப் போனது. அதிலிருந்து பாதி விதையை மூட்டையிலேயே நிறுத்திவைக்கிறேன்.

அப்புறம், பசிபிக் கடலின் சூட்டைக் கவனியுங்கள். அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருசங்களில் நமக்குப் பெரும்பாலும் மழை கூடும், 2015 போல. அந்தச் சூடு தணிந்த 2016இல் பருவமழை பொய்த்தது.

வாடைக்காற்று நிலைத்து, அடைமழை பிடித்த பிறகு மிச்ச விதையை எடுங்கள்.