அரபு பேசும் நோயாளிகள்: கிளினிக்கில் தடைகளைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டியர்பார்ன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். இருந்தும் அரசுப் படிவங்களில் அவர்களுக்கென்று தனிக் கட்டம் இல்லாமல் 'வெள்ளையர்' கணக்கிலேயே சேர்ந்துவந்தார்கள். தனிப்பிரிவு வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்ததே 2024 மார்ச்சில்தான். அதனால் இவர்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு, மார்பகப் பரிசோதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பழைய புள்ளிவிவரங்களில் தேடிப் பயனில்லை. அந்தந்த கிளினிக்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், வராமல் போனவர்களின் பட்டியலை எடுங்கள். முன்பதிவு செய்துவிட்டு வராதவர்களை அரபு பேசும் ஊழியர் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்கட்டும். கார் ஓட்டக் கணவருக்கு விடுப்பில்லை, காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொன்ன கடிதம் ஆங்கிலத்தில் வந்ததால் கவனிக்கவில்லை, ஆண் மருத்துவர் என்று தெரிந்ததும் வரவில்லை போன்ற காரணங்கள் இப்படித்தான் வெளியே வரும். பிறகு ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே, ஆறு முதல் எட்டுப் பேராக உட்காரவைத்துப் பேசுங்கள். வெள்ளி நண்பகலையும் ரமலான் மாலைகளையும் தவிர்த்துவிடுங்கள். பேச ஆள் தேடுவதைப் பள்ளிவாசலோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள். குடியுரிமை பற்றி எதுவும் கேட்க மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் கையெழுத்துப் போட அஞ்சுவார்கள். விதிமுறை இடம் கொடுத்தால் வாய்மொழிச் சம்மதமே நல்லது.

பதிவு மேசையில் 'ஆங்கிலம் தெரியுமா?' என்று கேட்டால் மரியாதைக்காகவே பலர் 'தெரியும்' என்பார்கள். 'மருத்துவரிடம் எந்த மொழியில் பேச விருப்பம்?' என்று கேளுங்கள். எந்த நாட்டு அரபு, எந்த மொழியில் வாசிக்கத் தெரியும் என்பவை தனித்தனிக் கேள்விகள். மொராக்கோவின் பேச்சு ஈராக்கியருக்கு எளிதில் பிடிபடாது. டியர்பார்னை ஒட்டிய டெட்ராய்ட் வட்டாரத்தின் கல்தேயர் என்ற ஈராக்கியக் கிறிஸ்தவர்கள் பலருக்குத் தாய்மொழி அரபே அல்ல, அரமேய வழிமொழி. ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். அகதிகளாக வந்தவர்களில் பலரின் ஆவணங்களில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றே இருக்கும். பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் நம்பினால் ஒருவர் கோப்பு இன்னொருவருடையதோடு கலந்துவிடும். தொலைபேசி எண்ணையும் சரிபாருங்கள்.

மொழிபெயர்ப்பில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். மகன் பெயர்த்துச் சொன்னால் 'புற்று' என்ற சொல்லை விழுங்கிவிடுவான். கணவர் முன்னால் மனைவி ரத்தப்போக்கைப் பற்றிப் பேசமாட்டார். அவசரநிலை தவிர, சிறார்களை மொழிபெயர்க்க வைக்க அமெரிக்கச் சட்டமே தடை விதிக்கிறது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமில்லாமல் தருவது கிளினிக்கின் கடமை. உள்ளூர்க்காரர் வந்தால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவோருக்கு, வெளியூர் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடியுங்கள், நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். வழக்கமான நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். நோயாளியைப் பார்த்தே பேசுங்கள், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முடிவில் 'புரிந்ததா?' என்றால் தலையாட்டத்தான் செய்வார்கள். 'இந்த மாத்திரையை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

'புகைப்பீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் ஹுக்காவை (நீர்க்குழாயில் புகைப்பதை) தனியாகக் கேளுங்கள். பலர் அதைப் புகைப்பழக்கத்தில் சேர்ப்பதில்லை. மனச்சோர்வு பெரும்பாலும் தலைவலி, நெஞ்சு இறுக்கம், உடல்வலி என்றே வாசல் ஏறும். நோயின் பெயரை முதலில் எடுக்காமல் தூக்கம், பசியிலிருந்து தொடங்குங்கள், அதுவும் உறவினர் வெளியே இருக்கும்போது.

மருந்துச் சீட்டில் படம் போடுவதானால் கவனம்: அரபியை வலமிருந்து இடமாக வாசிப்பவர் படங்களையும் அதே வரிசையில் பார்ப்பார். 'முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை' என்று இடமிருந்து வரைந்தால் தலைகீழாகிவிடும். மேலே இருந்து கீழாக வரையுங்கள். அரபு எழுத்தில் ஐந்து என்ற இலக்கம் நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும், பூஜ்யமோ வெறும் புள்ளி. அளவை இலக்கத்தோடு சொல்லாகவும் எழுதினால் தப்பு நேராது. கேப்சூல் உறையின் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்ததோ என்ற ஐயத்தில் சிலர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். மருந்தாளரிடம் விசாரித்து மாத்திரை வடிவம் கொடுங்கள்.

நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளியை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வரச் சொல்லுங்கள். நோன்பே வேண்டாம் என்று ஒற்றை வரியில் சொன்னால், சொல்லாமல் நோற்பார். அது இன்னும் ஆபத்து. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மூன்று வேளை என்றால், பகல் வேளை அளவை இஃப்தார் (நோன்பு திறக்கும் வேளை) அளவோடு சேர்த்து, காலை அளவை ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவு வேளைக்கு) மாற்றலாம். இன்சுலினோ கிளிபென்கிளமைடு என்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். அளவையோ மருந்தையோ மருத்துவர் முன்கூட்டியே மாற்றியாக வேண்டும். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியாது என்பதைப் பள்ளிவாசல் இமாம் வாயால் சொல்லவையுங்கள். உங்களைவிட அவர் சொல் எடுபடும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும், நோன்பு திறக்க ஐந்தே நிமிடம் இருந்தாலும் காத்திருக்காமல் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு எண்களையும் அரபியில் பெரிதாக எழுதி, வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டக் கொடுத்தனுப்புங்கள்.